ஆடித் தள்ளுபடியில் மேக்கப் வாங்குபவர்கள் கவனத்துக்கு: பெட்டியில் இருக்கும் தேதியை நம்பாதீர்கள், டியூபின் மடிப்பைப் பாருங்கள்

ஆவணி முகூர்த்தத்துக்காக ஒரு மணப்பெண்ணுக்கு சேலம் கடைவீதிப் பக்கம் வாங்கிய மேக்கப் செட் பற்றியது இந்தப் பதிவு. ஃபவுண்டேஷன், காம்பாக்ட், மஸ்காரா, லிக்விட் ஐலைனர், சன்ஸ்கிரீன், வைட்டமின் சி சீரம் ஆகிய ஆறும் சேர்த்து 'காம்போ' என்று ஏறக்குறைய பாதி விலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று பொருள்கள் காலாவதியானவை அல்லது தேதி அழிக்கப்பட்டவை. ஐலைனர் போட்ட மறுநாள் அந்தப் பெண்ணுக்கு இமை வீங்கி, கண் சிவந்து, பீளை தள்ளிவிட்டது. கடையில் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "தேதியெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரத்துக்குப் போடறதுங்க. மேக்கப் சாமான் கெட்டா போகும்?" பில்லும் கிடையாது. ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. செய்த விதம்தான் முக்கியம், அது எந்த ஊர்க் கடையிலும் நடக்கக்கூடியது.

சன்ஸ்கிரீன் பெட்டியில் தேதி சரியாகவே இருந்தது. ஆனால் அது பெட்டியோடு அச்சானதல்ல, மேலே ஒட்டிய ஸ்டிக்கர். உள்ளே இருந்த டியூபின் வால் பகுதியில், அதாவது சூடுபடுத்தி நசுக்கி ஒட்டிய மடிப்பில், பேட்ச் நம்பரும் (ஒரே தடவையில் தயாரான சரக்குக்கு இடும் எண்) காலாவதி மாதமும் அழுத்திப் பதிக்கப்பட்டிருந்தன. பெட்டியில் ஒரு பேட்ச், டியூபில் வேறொரு பேட்ச். மையால் அடித்த எழுத்தைத் துடைத்துவிடலாம், மடிப்பில் பதித்ததை அழிப்பது கடினம். அதனால் டியூபில் வரும் எதையும் வாங்கும்போது பெட்டியைத் திறந்து அந்த மடிப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். திறந்து பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டியதில்லை.

ஐலைனரில் செய்த வேலை வேறு. பிளாஸ்டிக் குப்பியின் அடியில் இங்க்ஜெட்டில் அடித்த தேதி நெயில் பாலிஷ் ரிமூவராலோ தின்னராலோ துடைக்கப்பட்டிருந்தது. ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பட்டால் சில வகைப் பிளாஸ்டிக் பளபளப்பு போய் வெளுத்துத் தெரியும். விரல் நகத்தால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். தேதி இருக்க வேண்டிய இடத்தில் அப்படி ஒரு வெளுத்த வட்டம் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். சீரத்தில் எதையும் அழிக்கவில்லை, தேதி வெளிப்படையாகவே முடிந்திருந்தது. காம்போவைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பக்கம் உள்நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதிலும் இலவசப் பொருளின் தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி, மேக்கப் கெட்டுப்போகுமா என்ற கேள்வி. எல்லாப் பொருளுக்கும் ஒரே பதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்ட வியாபாரம் நடக்கிறது.

தண்ணீர் கலக்காத பவுடர், காம்பாக்ட், ஐஷேடோ ஆகியவற்றில் கிருமி எளிதில் வளராது. தேதி தாண்டிச் சில மாதம் ஆகியிருந்தாலும் நிறமும் மணமும் மாறாமல் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. காம்பாக்டின் மேல் கெட்டியாகப் பளபளவென்று ஒரு ஏடு படிந்தால் அது பஃப் வழியாக ஏறிய முக எண்ணெய். மேல் அடுக்கைச் சுரண்டிவிட்டு, பஃப்பைத் துவைத்து நன்றாகக் காயவைத்தால் போதும். லிப்ஸ்டிக்கில் கெடுவது எண்ணெய்தான், காறல் வாடை வந்தால் தூக்கி எறியுங்கள். சித்திரை வெயிலில் லிப்ஸ்டிக் மேல் முத்து முத்தாக வியர்ப்பது மட்டும் கெட்டதற்கு அடையாளம் அல்ல. மெழுகுக்குள் இருந்து எண்ணெய் வெளியே வருகிறது.

கண்ணுக்குப் போடுவதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மஸ்காரா, லிக்விட் ஐலைனர் இரண்டிலும் தண்ணீர் உண்டு. ஒவ்வொரு முறை பிரஷ்ஷை உள்ளே விடும்போதும் இமையில் இருந்த கிருமியும் காற்றும் சேர்ந்தே உள்ளே போகின்றன. பதப்படுத்தும் சேர்மம் அதைக் கொஞ்ச காலம் சமாளிக்கும், அதற்கும் ஒரு எல்லை உண்டு. மஸ்காராவுக்குத் திறந்த நாளிலிருந்து 3 மாதம், லிக்விட் ஐலைனருக்கு 3 முதல் 6 மாதம். காய்ந்துபோனதில் பன்னீரோ தண்ணீரோ விட்டுக் குலுக்குவது அந்தச் சேர்மத்தை நீர்த்துப்போக வைக்கிறது. காய்ந்ததைவிட அது மோசம். அந்த மணப்பெண்ணின் கண் வீங்கியதற்கு ஐலைனர்தான் காரணம் என்று ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேதியை அழித்து விற்ற பொருளைக் கண்ணில் போட வைத்ததற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

வைட்டமின் சி சீரம் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் பழுப்பாகும். பழுப்பானது வேலை செய்யாது, எரிச்சலும் தரலாம். வாங்கிய அன்றே ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் படம் எடுத்து வைத்தால் பிறகு ஒப்பிட வசதி. சில தயாரிப்புகளுக்கு இயல்பிலேயே நிறம் இருக்கும் என்பதால் இந்தப் படம் தேவை.

சன்ஸ்கிரீன் விஷயம்தான் நம் பகுதியில் அதிகம் ஏமாற்றுவது. க்ரீமுக்குள் எண்ணெயும் நீரும் பிரிந்துவிட்டால் சூரியக்கதிரைத் தடுக்கும் பொருள் ஒரு சீராகப் பரவாது. ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் இருக்கவே இருக்காது. பிதுக்கியதும் முதலில் தண்ணீர் வடிந்து, பிறகு மணல் போலத் திரிந்து வந்தால் குலுக்கிப் போட்டுப் பயனில்லை. தேதி உள்ளே இருந்தாலும் அது முடிந்த சரக்கு. ஏனென்றால் அந்தத் தேதி, லேபிளில் சொன்னபடி சூடு படாமல் வைத்திருந்தால் மட்டுமே செல்லும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக் குடோனிலும், கண்ணாடி ஷோகேஸில் மேற்கு வெயில் படும் தட்டிலும், நிறுத்தி வைத்த காரிலும் சூடு அதைவிட அதிகம்.

இதே டியூபை எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். குளிர் காற்றில் சுடுவது தெரியாது, சாயங்காலம் முகம் கறுத்து எரியும்போதுதான் தெரியும். மேலே போனதும் டியூபைத் திறந்தால் பீச்சியடிப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. வெளியே காற்றழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. மலைமேல் வீடு உள்ளவர்கள் பவுடரையும் பஃப்பையும் குளியலறையில் வைக்காதீர்கள். பனிமூட்ட நாள்களின் ஈரத்தில் பஃப்பில் பூஞ்சை பிடிக்கும்.

லேபிளில் திறந்த டப்பா படமும் உள்ளே '12 எம்' என்றும் இருந்தால், திறந்ததிலிருந்து 12 மாதம் என்று பொருள். காலாவதித் தேதியும் இதுவும் வேறு வேறு, எது முந்தியோ அதுதான் கணக்கு. திறந்த தேதியைப் பெர்மனென்ட் மார்க்கரால் டப்பாவின் மேலேயே எழுதிவிடுங்கள். கொரியப் பொருள்களில் வருடம் முதலில், பிறகு மாதம், நாள் என்று வரும். பல கடைகளில் உற்பத்தித் தேதியைக் காலாவதித் தேதி என்றும், அதை இதுவென்றும் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். அழகுசாதனப் பொருள்கள் விதிகள், 2020 படி வெளிநாட்டுப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் இருக்க வேண்டும். இவை இல்லாமல் கொரிய எழுத்து மட்டும் இருந்தால் எந்த வழியில் வந்தது, எங்கே கிடந்தது என்று கேட்க ஆளே இருக்காது.

ஏமாந்துவிட்டால் பொருளைக் கோபத்தில் எறிந்துவிடாதீர்கள். ஸ்டிக்கரைப் பிரிக்காமல் ஒரு படம், பிரித்த பிறகு ஒரு படம், மடிப்பு, பேட்ச் நம்பர், எம்ஆர்பி, ஜிபே ரசீது எல்லாவற்றையும் படமெடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பொருளைத் திருப்பித் தருவதற்கான கெடு எதுவும் பில்லில் எழுதாவிட்டால் 30 நாள் கணக்கு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. தேதியை மாற்றியிருந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுங்கள், அழகுசாதனப் பொருள்களும் அவர்கள் அதிகாரத்துக்குள் வருபவைதான். கண்ணோ தோலோ பாதிக்கப்பட்டிருந்தால் மருத்துவரைப் பார்த்த சீட்டில் என்ன பொருள் போட்டது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

புகார் எதுவும் இல்லாமல் வீட்டில் தீர்ந்துபோனவற்றை வீசும்போது டியூபைக் குறுக்கே வெட்டி, பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். முழுசாகக் கிடைக்கும் பெட்டியும் குப்பியும் மறுபடி நிரப்பி விற்பவருக்குப் பயன்படும்.