திரைப்படத்தை ஆய்வில் மேற்கோள் காட்டுதல்: மூன்று நடைகளின் ஒப்பீடு

நூல்களுக்குப் பக்க எண் வரை தரும் ஆய்வாளர்கள், திரைப்படம் என்று வந்தால் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதிவிட்டுக் கடந்துவிடுவதைத் தமிழ்த் திரைப்பட ஆய்வுகளில் அடிக்கடி காண முடிகிறது. படமும் ஒரு சான்றாதாரம்தான். எடுத்தாண்ட இடத்தைப் படிப்பவர் தாமே பார்த்துச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். அந்த வழியை, ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்), எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கம்), சிகாகோ (சிகாகோ பல்கலைக்கழக அச்சகக் கையேடு) ஆகிய மூன்று மேற்கோள் நடைகளும் வெவ்வேறு அளவில்தான் அமைத்துத் தருகின்றன.

1952 தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காட்சியை எடுத்தாளும் ஆய்வாளர் பெரும்பாலும் மு. கருணாநிதியின் வசனத்தைப் பற்றியே பேசுகிறார். ஆனால் ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு இயக்குநரையே ஆசிரியர் இடத்தில் வைப்பதால், கட்டுரைக்குள் கிருஷ்ணன், பஞ்சு, 1952 என்றுதான் வரும். வசனகர்த்தாவின் பெயருக்குத் துணைநூற்பட்டியலில் இடமே இல்லை. ஆறாம் பதிப்பு கேட்ட தயாரிப்பாளர் பெயரும் நாட்டின் பெயரும்கூட இப்போது நீக்கப்பட்டுவிட்டன. உளவியல், கல்வியியல் போன்ற துறைகளுக்கு இந்தச் சுருக்கம் போதுமானதாக இருக்கலாம். வசனமே உயிராக இருந்த ஒரு காலத்துத் திரைப்படத்துக்கு இது போதாது என்பதே என் உறுதியான கருத்து.

2021இல் வந்த எம்.எல்.ஏ. ஒன்பதாம் பதிப்பு இவ்விடத்தில் நெகிழ்வானது. பொதுவாகப் படத்தின் பெயரே முதலில் வரும் என்றாலும், கட்டுரை யாருடைய பங்களிப்பைப் பற்றியதோ அவர் பெயரிலேயே பதிவைத் தொடங்க அது இடமளிக்கிறது. எனவே 'கருணாநிதி, மு., திரைக்கதை வசனம்' என்று தொடங்கிப் படத்தின் பெயர், இயக்குநர்கள், தயாரிப்பு நிறுவனம், ஆண்டு என்று முறையாகத் தொடரலாம். மேற்கோளின் நேரத்தையும் மணி, நிமிடம், நொடி எனப் பிரித்துத் தரச் சொல்கிறது.

சிகாகோ நடையின் வலிமை வேறு. முதல் வெளியீட்டு ஆண்டோடு, ஆய்வாளர் பார்த்த பதிப்பின் ஆண்டையும் டிவிடி, புளூரே போன்ற வடிவத்தையும் அது பதிவு செய்கிறது. 1964இல் வெளியான 'கர்ணன்', 2012இல் எண்ணிம முறையில் புதுப்பிக்கப்பட்டுச் சினிமாஸ்கோப் என்னும் அகலத்திரை வடிவில் மீண்டும் திரைக்கு வந்தது. சட்டகத்தின் அளவே மாறிவிட்ட நிலையில், காட்சியமைப்பைப் பற்றி எழுதுபவர் எந்தப் படியைப் பார்த்தார் என்று சொல்லாவிட்டால் அவருடைய வாதத்தைச் சரிபார்க்கவே முடியாது.

நேரக்குறியும் படியைப் பொறுத்தே மாறும். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்று எடுத்த படத்தை, பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் 25 சட்டகமாக ஓட்டும்போது, திரையரங்கில் 100ஆவது நிமிடத்தில் வரும் வசனம் 96ஆவது நிமிடத்திலேயே வந்துவிடும். பாடல்கள் வெட்டப்பட்ட தொலைக்காட்சிப் படிகளில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். ஆகவே எம்.எல்.ஏ. கேட்கும் நேரத்தை, சிகாகோ கேட்கும் பதிப்பு விவரம் இல்லாமல் தருவதில் பெரிய பயன் இல்லை.

தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால், தமிழ்த் திரைப்பட ஆய்வுக்கு நான் எம்.எல்.ஏ.யையே எடுப்பேன், கட்டாயமில்லாத கூடுதல் விவரங்களையும் விருப்பப்படி சேர்க்க அது இடம் தருவதால், பார்த்த பதிப்பின் விவரத்தையும் பதிவின் இறுதியில் எழுதிவிடலாம். ஆய்விதழ் ஏ.பி.ஏ.யை வலியுறுத்தினால், வசனகர்த்தாவின் பெயரைக் கட்டுரையின் வாக்கியத்திலேயே சொல்லி, பார்த்த படியையும் நேரத்தையும் அங்கேயே குறிப்பிட வேண்டும்.