‘ஆலயப் பதிவேட்டிலிருந்து வம்சாவளி எடுத்துத் தருகிறோம்’ என்று யாராவது வந்தால்

குன்னூர், ஊட்டி, வெலிங்டன், கோத்தகிரி பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கவனத்துக்கு. ‘உங்கள் முன்னோரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் பழைய ஆலயப் பதிவேடுகளில் தேடியெடுத்து, ஏழு தலைமுறை வம்சாவளியைப் புத்தகமாகவே கட்டித் தருகிறோம்’ என்று ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் செய்துவருகிறார். அவரிடம் 40,500 ரூபாய் கொடுத்துவிட்டு, பொய்யை பைண்டு செய்து வாங்கி வைத்திருக்கிறோம். ஆள் பெயரை இங்கே போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, பெயரை மாற்றிக்கொள்வது அவருக்கு ஒரு நிமிட வேலை. வேலை செய்யும் விதத்தைச் சொன்னாலே அடையாளம் தெரிந்துவிடும்.

எங்கள் தாத்தா அரவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா, அதாவது எங்கள் கொள்ளுத்தாத்தா, திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, வெலிங்டனில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் பட்லராக இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். இதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து எல்லாரும் கூடும்போது ‘இதையெல்லாம் யாராவது எழுதி வைக்கணும்’ என்று பேச்சு வரும். இந்த முறை பேச்சு வந்த நேரத்தில் விளம்பரமும் வந்தது. அண்ணன், சித்தப்பா பிள்ளைகள், துபாயில் இருக்கும் அத்தை மகள் எல்லாரும் பங்கு போட்டோம்.

ஆள் நன்றாகப் பேசுவார். முதலில் 18,000 முன்பணம். பிறகு ‘பேராய அலுவலக அனுமதிக் கட்டணம்’ என்று 6,500. பிறகு ‘லண்டன் ஆவணக் காப்பகக் கட்டணம்’ 12,000. கடைசியில் ‘லத்தீன் மொழிபெயர்ப்புக் கட்டணம்’ 4,000. எங்கள் சபை 1947க்கு முன்பு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மிஷனைச் சேர்ந்தது. அந்தச் சபைகளின் ஏடுகள் ஆங்கிலத்திலோ தமிழிலோதான் இருக்கும். லத்தீனில் எழுதியது கத்தோலிக்கப் பங்கு ஆலயங்களில். எங்கள் குடும்பத்துக்கு எதற்கு லத்தீன் என்று கேட்டதற்கு, ‘பழைய காலத்தில் எல்லாமே லத்தீன்தான் சார்’ என்று பதில் வந்தது.

புத்தகம் வந்தது. வழவழப்பான அட்டை, அதில் ஒரு கல் தேவாலயப் படம், உள்ளே மரம் போலக் கிளை பிரியும் வம்சாவளி, பதிவேட்டுப் பக்கங்களின் புகைப்படங்கள் என்று சொல்லிப் பழுப்பேறிய தாள்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதலில் கண்டுபிடித்தது எங்கள் அத்தை. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தாவின் அக்கா அன்னாளின் ஞானஸ்நானப் பதிவு, 1907 என்று போட்ட பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவர், ‘ஏண்டா, இந்தப் போதகர் எம்.ஜி.ஆர். ஆட்சியில படிச்சவரா?’ என்றார். எங்களுக்குப் புரியவில்லை. அப்புறம்தான் காட்டினார். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது 1978இல். அதுவரை லை, னை, ணை, ளை நான்கும் யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்த கொம்போடு இருந்தன. ணா, றா, னா மூன்றும் இப்போதுபோலத் தனிக்கால் வாங்காமல், எழுத்தோடு சேர்ந்தே சுழிந்திருக்கும். அந்தப் பக்கத்தில் ‘அன்னாள்’ என்ற பெயரிலேயே னா புது வடிவம். ‘வேலை’, ‘மலை’ எல்லாவற்றிலும் புது லை. 1907இல் ஒரு கிராமத்துப் போதகருக்கு இந்த எழுத்து எப்படி வந்தது? அச்சு எழுத்தைக் கையெழுத்துப் போன்ற ஃபாண்டில் போட்டு, டீத்தண்ணி நிறப் பின்னணியில் ஒட்டியிருக்கிறார்கள்.

அது கண்ணில் பட்டதும் மற்றதெல்லாம் வரிசையாக உதிர ஆரம்பித்தது. அதே பக்கத்தின் தலைப்பில் ‘சி.எஸ்.ஐ. ஞானஸ்நானப் பதிவேடு’ என்று அச்சிட்டிருந்தது. சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27இல். இன்றைக்கு ஆயர் (சபைப் போதகர்) எழுதித் தரும் சான்றிதழில் சி.எஸ்.ஐ. என்று தலைப்பு இருப்பது சரி, அது இன்றைய சபையின் சான்று. 1907ஆம் ஆண்டு ஏட்டின் பக்கத்திலேயே அது அச்சாகியிருக்க வழியே இல்லை. கத்தோலிக்கக் குடும்பங்களும் இதேபோலப் பார்க்கலாம்: உதகை மறைமாவட்டம் அமைந்தது 1955இல். மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரித்து அமைத்தார்கள். 1920களின் பக்கத்தில் ‘உதகை மறைமாவட்டம்’ என்று தலைப்பு இருந்தால் கையோடு திருப்பிக் கொடுங்கள்.

வம்சாவளியின் உச்சியில் உட்கார்ந்திருந்தவர் இன்னும் விசேஷமானவர். 1796இல் ‘ஊட்டி ஆலயத்தில்’ ஞானஸ்நானம் பெற்றாராம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனே 1819இல்தான் இந்த மலைக்கு வந்தார். ஊட்டியின் புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829 ஏப்ரல் 23இல் கல் நாட்டி, 1830 நவம்பரில் பிரதிஷ்டை செய்தார்கள். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரம் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆலயமே இல்லாத ஊரில், வெள்ளைக்காரன் குடியேறாத காலத்தில், யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்?

கதை வேறு எழுதியிருந்தார்கள். கொள்ளுத்தாத்தா 1893இல் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி ‘ஊட்டி ஸ்டேஷனில் வந்து இறங்கினார், கையில் ஒரு டிரங்குப் பெட்டி’ என்று. மலை ரயில் குன்னூர் வந்தது 1899இல், ஊட்டிக்குப் போனது 1908இல். 1893இல் வந்தவர் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மாட்டுவண்டியிலோ டோங்கா என்ற குதிரைவண்டியிலோ நடந்தோதான் வந்திருக்க வேண்டும். இன்னொன்று. அவருடைய பாட்டனுக்குப் பாட்டனே ஊட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால், இவர் ஏன் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தார்? அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. எழுதியவர் அதை ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

எல்லாமே கட்டுக்கதை என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அப்படியும் இல்லை. சில பெயர்கள் உண்மையான பதிவுகளிலிருந்து வந்தவை. இதுதான் ஆபத்தான இடம். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஞானமுத்து, தேவசகாயம், சாலமோன், மரியாள், எஸ்தர் என்று ஒரே பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வரும். ஒரு சேகரத்தில் (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) ஒரே காலத்தில் நாலைந்து ஞானமுத்து இருப்பது சாதாரணம். ஏதோ ஒரு ஞானமுத்துவைப் பிடித்து நம் மரத்தில் ஒட்டிவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? எங்கள் புத்தகத்தில் அப்படி ஒட்டிய ஒருவருக்கு ஒன்பது வயதில் மகன் பிறந்திருக்கிறான். இன்னொரு பிள்ளை பிறந்தது அவன் தாயின் அடக்கத்துக்கு இரண்டு வருஷம் கழித்து.

லண்டன் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் அதிகம் பேரை மயக்குவது அதுதான். மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த ஆங்கிலிக்கன் குருமார் தங்கள் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகலை மேலே அனுப்ப வேண்டியிருந்தது. அந்த நகல்கள் 1698 தொடங்கி இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘என் 2’ என்ற வரிசையில் இருக்கின்றன. உண்மைதான். ஆனால் அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும். தமிழ்ச் சபையில் ஞானஸ்நானம் பெற்ற பட்லரும், தோட்டத்து மேஸ்திரியும், ஆயாவும் அங்கே கிடைப்பது அபூர்வம். அவர்களுடைய பதிவு இந்த மலையிலேயே, சேகர அலுவலகத்து மர பீரோவில்தான் இருக்கும். உங்கள் குடும்பம் ஆங்கிலோ இந்தியக் குடும்பமாக இருந்து அந்த வரிசையில் தேட வேண்டியிருந்தால், அதற்கும் 12,000 ரூபாய் தேவையில்லை. ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தேடுபொறியும், ஃபேமிலிசர்ச் தளத்தின் இந்திய ஞானஸ்நானப் பட்டியலும் இலவசம். ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்துக்கு மட்டும் சந்தா கட்ட வேண்டும், அங்கே பக்கத்தின் படமே கிடைக்கும்.

இதையெல்லாம் எழுதி அந்த ஆளிடம் கேட்டோம். பதிவேட்டின் தொகுதி எண், பக்க எண், வரிசை எண் மூன்றையும் கொடுங்கள், நாங்களே போய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். ‘அது ரகசியத் தகவல், தர முடியாது’ என்றார். ‘சேவைக் கட்டணம் திரும்பத் தரப்படாது’ என்று ஒரு அச்சடித்த வாசகம் அனுப்பினார். பிறகு எண்ணை பிளாக் செய்துவிட்டார். 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துச் சைபர் குற்றப் புகார் கொடுத்தோம், பணம் அனுப்பிய ரசீதுகளையும் புத்தகத்தின் பக்கங்களையும் இணைத்தோம். நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். அங்கே இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், ஏமாந்தவர்கள் தள்ளிப்போடாதீர்கள். பணம் இதுவரை வரவில்லை.

பிறகு நாங்களே சேகர அலுவலகத்துக்குப் போனோம். ஆயருக்கு ஒரு கடிதம், அதில் யாரைத் தேடுகிறோம், எந்த வருஷத்தை ஒட்டி, நமக்கு என்ன உறவு என்ற விவரம், கூடவே ஆதார் நகல். அவ்வளவுதான் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வாரநாளில் போனபோது ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை ஏட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். குன்னூர் ஈரத்தில் ஓரங்கள் பூத்து, பழைய இரும்பு மை சில இடங்களில் தாளையே அரித்திருந்தது. கையுறை எல்லாம் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். படம் எடுக்க ஆயரிடம் தனியாக அனுமதி வாங்கினோம். சில சபைகளில் அனுமதி தரமாட்டார்கள், அவர்களுக்கும் காரணம் இருக்கும்.

1904 திருமணப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தா கிடைத்தார். வயது 24, தொழில் பட்லர், இருப்பிடம் வெலிங்டன், தந்தை பெயர். அந்தத் தந்தை பெயர் புத்தகத்தில் இருக்கும் பெயர் இல்லை. அத்தை அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். திருமண ஏட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஞானஸ்நான ஏட்டில் பெற்றோர் பெயர் மட்டும் இருக்கும், திருமண ஏட்டில் இரண்டு பக்கத்து அப்பாக்களும் வந்துவிடுவார்கள். கத்தோலிக்க ஏடுகளில் வேறு ஒரு வசதி உண்டு. ஒருவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலேயே பிற்பாடு அவருக்கு எங்கே, யாரோடு திருமணம் நடந்தது என்று குறித்திருப்பார்கள். ஓரக்குறிப்பை விட்டுவிடாதீர்கள்.

சான்றளித்த நகலுக்கு ஆலயத்தில் ரசீதோடு வாங்கிய தொகை, அந்த ஆள் கேட்ட எந்தக் கட்டணத்துக்குப் பக்கத்திலும் வராது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமே, திருமணப் பதிவேட்டை வைத்திருப்பவர் உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு தேட அனுமதிக்க வேண்டும், கையொப்பமிட்ட நகலும் தர வேண்டும் என்கிறது. நடுவில் ஒருத்தர் நின்று ‘அனுமதி’ வாங்கித் தர வேண்டிய அவசியம் அங்கே எங்கும் இல்லை.

1904க்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டுமென்றால் இந்த மலையில் எங்களுக்கு வேலை இல்லை, நாசரேத் பக்கத்துச் சபைகளுக்குத்தான் போக வேண்டும். கீழேயிருந்து வந்த பெரும்பாலான குடும்பங்களுக்கும் இதே நிலைதான். அங்கேயும் முதலில் ஞானஸ்நானம் பெற்ற பாட்டனோடு ஏடு நின்றுவிடும், அதற்கு முந்தையவர்கள் சபை ஏட்டில் வர நியாயமில்லை. ஏழு தலைமுறை, பத்து தலைமுறை என்று மலை ஆலயங்களிலிருந்தே எடுத்துத் தருவதாக யார் சொன்னாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த ஆள் இப்போது கொடைக்கானல் குடும்பங்களின் குழுக்களிலும் வந்திருப்பதாக அத்தை மகள் சொன்னாள். மாதிரிப் பக்கமாக 1822 ‘கொடைக்கானல் ஞானஸ்நானம்’ ஒன்றை அனுப்பியிருக்கிறார். கொடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் முதல் பங்களாக்களைக் கட்டியதே 1845இல். வழவழப்பான அட்டையில் கல் தேவாலயப் படம், முன்பணம் 18,000, லத்தீன் மொழிபெயர்ப்புக் கட்டணம் தனி: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதே ஆள்தான். பக்க எண்ணைக் கேளுங்கள், பதிலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1930க்கு அழையுங்கள்.