ஜிப்ஸியா, ஜோங்காவா, நிசான் ஒன் டன்னா? மிலிட்டரி டிஸ்போசல் வண்டி எடுக்கும் முன்

மிலிட்டரி டிஸ்போசலில், அதாவது ராணுவம் கழித்து ஏலத்தில் விடுவதில், ஒரு வண்டியை எடுத்து, நிதானமாகச் சரி செய்து ஓட்ட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் கடைசியில் மூன்று பெயர்களுக்குள்தான் சுற்றுவார்கள்: மாருதி ஜிப்ஸி, ஜீப் வகையான ஜோங்கா, சிறு லாரியான நிசான் ஒன் டன். ஸ்டாலியன் லாரியைக் கேட்கிறவர்களும் உண்டு. அதற்குக் கடைசியில் சில வரிகள் போதும்.

பார்த்தவுடன் மனது ஜோங்காவிடம் போய்விடும். தோனி ராஞ்சியில் ஜோங்கா ஓட்டிய படம் 2019-இல் வந்தது. இன்றைக்கும் விலை சொல்கிற தரகர் வாயில் அந்தப் பெயர் வராமல் இருப்பதில்லை. ஆனால் வண்டி ரோட்டில் ஓடுமா, ஷெட்டிலேயே துருப்பிடிக்குமா என்பதை முடிவு செய்வது மூக்கும் முகமும் அல்ல. முதலில் காகிதம், அடுத்தது பார்ட்ஸ், மூன்றாவது, மாதத்துக்கு எத்தனை நாள் ஓட்டப் போகிறீர்கள் என்ற கணக்கு.

காகிதம்

பணியில் இருக்கும் ராணுவ வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவு கிடையாது. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் ராணுவ எண்தான் அதன் அடையாளம். அம்புக்கு அடுத்த இரண்டு இலக்கம் ராணுவம் வண்டியை வாங்கிய ஆண்டு. பழைய பெயின்ட்டுக்கு அடியில் இந்த எண் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். விற்பவர் சொல்லும் மாடல் ஆண்டோடு பல நேரம் ஒத்துப்போகாது.

ஏலத்தில் எடுத்த வண்டியைத் தனியார் பெயரில் பதிய, படிவம் 20 விண்ணப்பத்தோடு பாதுகாப்புத் துறை அதிகாரி கையெழுத்திட்ட படிவம் 21 (விற்பனைச் சான்றிதழ்) அசல் வேண்டும். நகல், நோட்டரி கையெழுத்து, 'பேப்பர் பின்னாடி வரும்' என்ற வாய்ச்சொல் எதுவும் செல்லாது. 2023 ஏப்ரல் 1 முதல் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. அரசுக்குச் சொந்தமான, 15 வயது கடந்த வண்டிகள் பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களுக்கே போக வேண்டும் என்பது விதி. நாட்டின் பாதுகாப்புப் பணியில் உள்ள கவச வண்டி போன்ற சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் மின் ஏலத்தில் லாட்டின் (ஏலத்துக்கு வரும் தொகுதியின்) நிபந்தனைப் பக்கத்தை வரி விடாமல் படியுங்கள். உடைப்பு நிலையங்களுக்கு மட்டும் என்று இருந்தால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. அங்கிருந்து யாராவது கள்ளத்தனமாக முழு வண்டியாக வெளியே எடுத்துக் கொடுத்தாலும் அது பார்ட்ஸ்தான், வண்டி ஆகாது.

ஆகவே எங்கள் வரிசை இப்படி: ஏற்கெனவே தனியார் பெயரில் ஆர்.சி. உள்ள, பதிவு உயிரோடு இருக்கும் பழைய ராணுவ வண்டி முதலில். படிவம் 21 அசலோடு வரும் ஏல வண்டி, அதுவும் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்ட பிறகு, இரண்டாவது. ஆர்.சி. இல்லாத வண்டியை இரும்பு எடைக்குக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

ஆர்.சி. இருந்தால், மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் சேஸிஸ் எண், என்ஜின் எண், எரிபொருள், நிறம் நான்கையும் பார்த்துவிட்டு நேரில் போங்கள். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். சுற்றிலும் கிரைண்டர் கோடு, புது வெல்டிங், எழுத்து ஏற்ற இறக்கம் தெரிந்தால் அங்கேயே டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஜோங்காவிலும் ஒன் டன்னிலும் என்ஜின் எண் பொருந்தாமல் இருப்பது சாதாரணம். இரண்டுக்கும் ஒரே என்ஜின் என்பதால் மாற்றி மாற்றிப் பூட்டியிருப்பார்கள்.

நிறமும் சட்டச் சிக்கல்தான். ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எதற்கும் அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. ராணுவத் தோற்றத்துக்காகவே வாங்குகிறவர்கள் முதலில் இழக்கப் போவது அந்தத் தோற்றத்தைத்தான். மணல் நிறமோ சாம்பலோ அடித்து, அதையே ஆர்.சி.யில் ஏற்றுங்கள்.

ஜிப்ஸி

ஓட்டுவதற்குத்தான் வண்டி என்றால் விடை இங்கேயே முடிந்துவிடுகிறது. 1985-இல் 970 சிசி என்ஜினோடு வந்தது. 1996-இல் வந்த கிங் மாடலில் 1,298 சிசி கார்புரேட்டர் என்ஜின். 2000 வாக்கில் அதே அளவில் 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை), 80 குதிரைத்திறன். பொதுமக்களுக்கான விற்பனை 2019-இல் நின்றது. தேட வேண்டியது 2000-க்குப் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. மட்டுமே. என்ஜின் பார்ட்ஸ் மாருதி கடைகளில் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் இந்த வாக்கியத்தை எழுத முடியாது.

வெறும் 985 கிலோ எடை, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் எங்கே கெடும் என்பதும் தெரிந்துவிடும்.

முதல் பிரச்சினை வீல் ஆட்டம். 60, 70 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கையை உதறும். உடனே ஸ்டியரிங் டேம்பர் மாற்றச் சொல்வார்கள். டேம்பர் நோயை மறைக்கும், தீர்க்காது. பார்க்க வேண்டிய வரிசை: டயர் வடிவமும் பேலன்ஸும், வீல் பேரிங், டை ராட் எண்டுகள், ஸ்பிரிங் புஷ், கடைசியாகக் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங். பெரும்பாலும் குற்றவாளி கடைசியில் நிற்பவர்தான். முன் ஆக்ஸிலைத் தூக்கி, டை ராடைக் கழற்றி, நக்கிளின் (சக்கரத்தோடு திரும்பும் பாகத்தின்) ஓரத்தில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால், ஆயில் சீல் போடாத நிலையில், 1 முதல் 1.8 கிலோவுக்குள் நகரத் தொடங்க வேண்டும். விரலால் தள்ளினாலே ஓடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அதிகம். பேரிங் நன்றாக இருந்தால் ஷிம் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். நான்கு பேரிங்கையும் ஒன்றாக மாற்றுவதே புத்திசாலித்தனம், ஏனென்றால் திரும்பப் பிரிக்கும் கூலி பேரிங் விலையைத் தாண்டும்.

அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். நக்கிளின் உருண்டைப் பாகத்தில் கிரீஸ் கெட்டியாகப் பூசினாற்போல் இருந்தால் சரி. எண்ணெயாக ஒழுகி டயரின் உள்பக்கம் நனைந்திருந்தால், உள்ளே ஆக்ஸில் சீல் போய், டிஃபரென்ஷியல் ஆயில் வந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. வெளி சீலை மட்டும் மாற்றி விற்பவர்கள் உண்டு. இரண்டு மாதத்தில் மறுபடி ஒழுகும்.

வேகத்தில் தரை அதிர்ந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 'டங்' என்று சத்தம் வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ரப்பர் மவுண்ட். மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் கேஸ் சாய்ந்து, கியர்பாக்ஸோடு அதை இணைக்கும் குட்டி புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு தேயும்.

வாங்கியதும் எல்லா ஆயிலையும் வடித்து மாற்றுங்கள்: கியர்பாக்ஸுக்கு 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8, முன் டிஃபரென்ஷியலுக்கு 2, பின்னதற்கு 1.5. வடியும் ஆயில் காபி நிறத்தில் இருந்தால் ஆற்றைக் கடந்த தண்ணீர் உள்ளே நிற்கிறது. டைமிங் பெல்ட்டின் வயது யாருக்கும் தெரியாது, கேள்வியே கேட்காமல் மாற்றிவிடுங்கள். கம்ப்ரெஷன் 200 பி.எஸ்.ஐ. அருகில் இருப்பது நல்ல என்ஜின். 170-க்குக் கீழ் இறங்கினாலோ, சிலிண்டர்களுக்குள் 14-க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ வேலை இருக்கிறது.

துருதான் உண்மையான செலவு. தரைத்தகடு, கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகள், பாடி மவுண்ட் உட்காரும் இடங்கள், பின் ஸ்பிரிங் ஷாக்கிள் சேஸிஸில் சேரும் இடம். மலைப்பகுதியில் ஓடிய வண்டியும் கடற்கரையில் நின்ற வண்டியும் வெளியே ஒரே மாதிரி தெரியும். திருப்புளியின் முனையால் சேஸிஸின் அடிப்பக்கத்தைக் குத்திப் பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. தரைத்தகட்டை டிங்கர் இரண்டு வாரத்தில் மாற்றிவிடுவார். சேஸிஸ் பொத்தல் விழுந்திருந்தால் அந்த வண்டியை விடுங்கள்.

டயர் ஆசையை அடக்குவது கடினம். 205/70 ஆர்15 இருந்த இடத்தில் 215/75 ஆர்15 உரசாமல் உட்காரும். 235/75 போட்டால் தூக்கவும் வேண்டும், 80 குதிரை ஐந்தாவது கியரில் மூச்சு வாங்கவும் செய்யும்.

ஜோங்காவும் ஒன் டன்னும்

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், காரணம் இதயம் ஒன்று. இரண்டும் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் நிசான் உரிமத்தில் செய்தவை. ஜோங்கா நிசான் பேட்ரோல் 60 வரிசையின் வழி வந்தது. ஒன் டன் நிசானின் 4டபிள்யூ73. உள்ளே 'பி' என்ற பெட்ரோல் என்ஜின்: வரிசையாக ஆறு சிலிண்டர், 85.7 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 114.3 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் நீளம்), மொத்தம் 3,956 சிசி. ஸ்ட்ரோக் நீளம் என்பதால் கீழ் வேகத்திலேயே இழுக்கும், மேல் வேகத்தில் விருப்பமே இருக்காது. 80-ஐத் தாண்டி ஓட்ட நினைப்பவருக்கு இந்த என்ஜின் இல்லை.

எரிபொருள் கணக்கை முதலிலேயே முடித்துவிடலாம். லிட்டருக்கு 5 கி.மீ. கிடைத்தால் மகிழ்ச்சி. சென்னையிலிருந்து ஊட்டி சுமார் 550 கி.மீ.; ஜோங்காவுக்குப் போக மட்டும் 110 லிட்டர், ஜிப்ஸிக்கு அதில் பாதி. ஞாயிற்றுக்கிழமை காலை 20 கி.மீ. போய் இட்லி சாப்பிட்டு வருகிறவருக்கு இது பொருட்டே இல்லை.

இந்தக் கணக்கால்தான் பலர் டீசல் என்ஜின் மாற்றிவிட்டார்கள். 1990-களின் பிற்பகுதியில் தொழிற்சாலையே ஹினோ டீசல் வைத்துக் கொஞ்சம் ஜோங்காக்களைப் பொதுமக்களுக்கு விற்றது. 1999-இல் ஜோங்கா உற்பத்தியே நின்றது. சந்தையில் வரும் டீசல் ஜோங்காக்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு பட்டறையில் மாற்றியவை. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றும் பானெட்டுக்குள் டீசல் என்றும் இருந்தால், எஃப்.சி. என்ற தகுதிச் சான்றில் மட்டுமல்ல, விபத்துக் காப்பீட்டிலும் அடி விழும். தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏறிய மாற்றம் என்றால் மட்டுமே தொடுங்கள்.

பெட்ரோல் என்ஜினே இருந்தால் பார்க்க வேண்டியது போர் அளவு. ஹெட்டைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். முன்பே பலமுறை போர் அடித்த பிளாக்கா, கிராங்க் எத்தனை முறை கிரைண்ட் செய்தது என்று தெரியாமல் விலை பேசக் கூடாது. அடுத்த அளவு பிஸ்டன் கையில் கிடைத்த பிறகுதான் லேத்துக்கு அனுப்ப வேண்டும். ஆறு பிஸ்டனும் ஒரே செட்டாக அமைவது அதிர்ஷ்டம். அளவு மீறிய பிளாக்குக்கு லைனர் (உட்குழாய்) இறக்குவதே வழி.

சூடேறுவது இரண்டாவது புகார். ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு விடுவார்கள். தண்ணீர் பம்ப் முன்னால், சகதி தங்குவது பின்னால். 5, 6-ஆம் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையில் வருடக்கணக்கான துரு படிந்திருக்கும். பக்கவாட்டில் நீர்ப்பாதையை மூடும் கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்து, கம்பி விட்டுக் கிளறி, எதிர்த்திசையில் தண்ணீர் அடித்தால்தான் வெளியே வரும். பழைய கோர் பிளக்கை மறுபடி பூட்டாதீர்கள். ஸ்பார்க் வயர் மாற்றிப் போட்ட வண்டியும் சூடேறும். சிலிண்டர்களில் ஸ்பார்க் விழும் வரிசை 1-5-3-6-2-4.

இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை ஊதவைக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பம்ப் டயாஃப்ரம் ஒன்றைக் கூடுதலாக வண்டியிலேயே வைத்திருங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் டேங்கை வடித்துவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகச் சேர்க்கும், துரு கரைந்து ஜெட்டை அடைக்கும்.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தண்ணீரில் இறங்கி ஏறினால் சற்று நேரம் பிடிக்காது. மின்சுற்று 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பல்ப் வாங்கும் முன் பாருங்கள். ராணுவ வண்டியில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்த 24 இருக்க வாய்ப்பு அதிகம், அதைப் பாதி மாற்றி வைத்திருப்பவர்களும் உண்டு.

இரண்டில் எது? பணம் குறைவு, இடம் அதிகம் என்றால் ஒன் டன். ஜோங்கா அளவுக்குத் தேடுகிறவர்கள் இல்லாததால் பேரம் படியும். பின்னால் திறந்த பெட்டி இருப்பதால் படுத்துத் தங்கும் கேம்பராக மாற்றும் வேலைக்கு அதுவே பொருத்தம். ஆனால் சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் எட்டு வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி.; மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட் பிரச்சினையும் உண்டு. ஜோங்காவுக்கு இந்தத் தலைவலி குறைவு. அசல் நிலையில் இருக்கும், 50 வயது கடந்த ஜோங்காவுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதியும் உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது தவிர அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. டீசல் மாற்றிய வண்டி இதற்குள் நுழையவே முடியாது.

ஸ்டாலியன்

அசோக் லேலண்டின் 4x4. ஹினோ குடும்பத்து ஆறு சிலிண்டர் டீசல், 160 குதிரை. என்ஜின் பார்ட்ஸைப் பொறுத்தவரை மூன்றையும்விடச் சுலபம். லேலண்டு சாமான் விற்காத ஊர் ஏது? சிக்கல் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் முன் ஆக்ஸிலிலும்தான், அவை சாதாரண லாரியில் இல்லாதவை. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டுவதால் கார் லைசென்ஸ் போதாது. வீட்டு வாசலில் நிறுத்த இடம் இல்லாதவர் நினைக்கவே வேண்டாம். பத்து ஏக்கர் தோப்பும் சொந்தப் பட்டறையும் இருப்பவருக்கு வேறு விஷயம்.

ஏல யார்டில்

'உள்ளது உள்ளபடி' என்பதுதான் நிபந்தனை. ஸ்டார்ட் செய்து காட்ட மாட்டார்கள். பார்வை நாளில் டார்ச், காந்தம், ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், ஒரு குப்பி என்ஜின் ஆயில் எடுத்துப் போங்கள். அனுமதித்தால் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கால் மணி நேரம் கழித்து கிராங்கைக் கையால் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் என்ஜினுக்கு விலை போடாதீர்கள். டிப் ஸ்டிக்கில் பால் நிறம் தெரிகிறதா, கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மூன்றும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேட்டரியை இருப்பதாக எண்ணவே வேண்டாம். பார்த்த அன்று இருந்த சாமான் எடுக்கிற அன்று காணாமல் போவது உண்டு, ஆகவே லாட் எண் தெரிய ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். ஏலத் தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி., மூலத்திலேயே வசூலிக்கும் வரி (டி.சி.எஸ்.), குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் தரை வாடகை, ஊர் வரை ரெக்கவரி லாரி வாடகை இத்தனையும் சேர்த்த பிறகுதான் உங்கள் உச்ச விலையைத் தாளில் எழுத வேண்டும்.