தாம் லுவாங்கா, சில்க்யாராவா?

டெல்லி கரோல் பாக்கில் நாங்கள் சில தமிழ் நண்பர்கள் சேர்ந்து மீட்புப் பணியை வைத்து ஒரு திரில்லர் எழுத உட்கார்ந்தோம். கையில் இரண்டு நிஜ சம்பவங்கள்.

வேகம் என்று பார்த்தால் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைதான். 2018 ஜூன் 23 அன்று கால்பந்துக் குழுவின் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் மழை வெள்ளத்தால் உள்ளே சிக்கினார்கள். அடுத்த மழைக்குள் வெளியே கொண்டுவர வேண்டும். மயக்க மருந்து கொடுத்து, கலங்கிய நீருக்கடியில் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். வெளியே கொண்டுவந்த வேலை மட்டும் மூன்றே நாள். கதை தானாக ஓடும்.

உத்தராகண்டில் கட்டிக்கொண்டிருந்த சில்க்யாரா சாலைச் சுரங்கப்பாதையில் அந்த ஓட்டம் கிடையாது. 2023 நவம்பர் 12, தீபாவளி விடிகாலையில் மண் சரிந்து 41 தொழிலாளர்கள் அடைபட்டார்கள். 17 நாள் காத்திருப்பு. முதலில் மெல்லிய குழாய் வழியே உலர் உணவு மட்டும். அப்புறம் 6 அங்குலக் குழாய் போனது, சூடான கிச்சடி போனது, கேமராவும் போனது. அந்த முகங்களை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. துளைக்கும் இயந்திரம் இன்னும் சில மீட்டர் இருக்கும்போது உடைந்து நின்றது. மிச்சத்தைக் கையால் தோண்டியவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள், அதாவது எலிவளை போன்ற குறுகிய துளைக்குள் புகுந்து தோண்டுபவர்கள். அவர்களில் சிலர் இதே டெல்லியில் வாழ்பவர்கள். 41 பேரும் உயிரோடு வந்தார்கள்.

நண்பர்கள் குகை என்றார்கள். சரி, விறுவிறுப்பு அதில்தான் அதிகம். நான் சில்க்யாராவைத்தான் எழுதப் போகிறேன், இயந்திரம் உடைந்த இரவிலிருந்து.