10,000 லக்ஸ் ஒளிப்பெட்டிகள்: மெதடோன் எடுப்பவருக்கு எது ஒத்துவரும்?

பலமான வெளிச்சம் விடும் இந்த ஒளிப்பெட்டி, குளிர்கால மனச்சோர்வுக்கென்று 1980-களில் அமெரிக்காவில் பிரபலமான சாதனம். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைப்பொருள் மீதான வேட்கையை இது தணிக்குமா என்று இப்போது அங்கே சோதித்துப் பார்க்கிறார்கள். தூக்கம் கெட்டால், வேட்கையோடு தொடர்புள்ள டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் ஏற்பிகள் குறைவாகத் தென்படும். அந்தப் போதையிலிருந்து மீளத் தரப்படும் மெதடோன், புப்ரனார்ஃபின் மருந்துகளை எடுப்பவர்களில் பலருக்குத் தூக்கம் ஏற்கெனவே கெட்டுத்தான் இருக்கும். காலை வெளிச்சம் தூக்கத்தைச் சீராக்கினால் வேட்கையும் அடங்கலாம் என்பது கணக்கு. இது இன்னும் ஆய்வு நிலைதான். பெட்டி வந்துவிட்டது என்று மருந்தைக் குறைக்கக் கூடாது.

கடையில் மூன்று வகை கிடைக்கும்.

முதல் வகை, ஒன்றரை அடி உயரப் பெரிய பலகை. நம் ஓட்டு இதற்குத்தான். 30 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் 10,000 லக்ஸ் தரும் மாடல்கள் இருக்கின்றன. தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் வெளிச்சம் விலகாது. காலையில் எழுந்ததும் 30 நிமிடம், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்து, பக்கத்தில் காபியோ செய்தித்தாளோ வைத்துக்கொள்ளலாம். விளக்கையே முறைக்க வேண்டியதில்லை. புற ஊதாக் கதிரை வடிகட்டும் திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, டேப்லெட் அளவுச் சிறு பலகை. அட்டையில் இதற்கும் 10,000 லக்ஸ் என்றுதான் போட்டிருக்கும். எத்தனை சென்டிமீட்டரில் என்பதைப் பொடி எழுத்தில் தேட வேண்டும். பெரும்பாலும் 15 சென்டிமீட்டர்தான். அவ்வளவு நெருக்கத்தில் அரை மணி நேரம் யார் உட்காருவார்கள்? தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். சாதாரண லக்ஸ் மீட்டர் ஒன்றை வாங்கி, கண் இருக்கும் இடத்தில் பலகையைப் பார்த்தபடி பிடித்தால் உண்மை தெரிந்துவிடும். போனில் இருக்கும் ஆப்பை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, கண்ணாடி மாதிரி மாட்டிக்கொள்வது. பெல்ஜியத்தின் லூமினெட் மேலிருந்து நீலம் கலந்த வெள்ளொளி விடும். ஆஸ்திரேலியாவின் ரீ-டைமர் கீழிருந்து 500 நானோமீட்டர் பச்சை ஒளி விடும். கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இவற்றின் லக்ஸ் எண்ணைப் பெட்டியின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அமெரிக்காவில் மெதடோன் மருந்து கொடுக்கும் கிளினிக்குகள் பல விடிவதற்கு முன்பே திறந்துவிடும். அந்த அவசரத்தில் கிளம்புபவருக்கு, பல் தேய்த்துக்கொண்டே போட்டுக்கொள்ள இது வசதி. வண்டி ஓட்டும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும்.

மூன்றிலும் யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு. மெதடோன் போன்ற ஓபியாய்டு மருந்து கண்மணியைச் சுருக்கிவிடும். நாட்கள் ஆனாலும் இது பெரிதாகப் பழகிப்போவதில்லை. 2.5 மில்லிமீட்டர் கண்மணி 1.5 ஆகச் சுருங்கினால் விழித்திரைக்குப் போகும் ஒளி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். அட்டையில் உள்ள 10,000 கண்ணின் வாசலோடு நின்றுவிடுகிறது. இதைச் சரிக்கட்ட பலகையை மூக்கருகே இழுத்தால் தலைவலிதான் மிச்சம். மருத்துவரிடம் கேட்டு நேரத்தைக் கூட்டுவது மேல். உடலில் மருந்தின் அளவு இறங்கித் திணறும் நாட்களில் கதை தலைகீழ்: கண்மணி விரிந்து, வெளிச்சமே கூசும். அப்போது 10 நிமிடத்தில் தொடங்கி ஏற்றுங்கள்.

வேட்கை குறைந்ததா என்று பார்க்க 0 முதல் 100 வரை எண் போட்டுக் குறித்து வைப்பார்கள். ஒரு நாள் மருந்து எடுக்கும் முன்பும், இன்னொரு நாள் எடுத்த பின்பும் என்று குறித்தால் எண் வெறும் மருந்தின் ஏற்ற இறக்கத்தைத்தான் காட்டும். தினமும் ஒரே நேரத்தில் குறியுங்கள். முறையான ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கு மங்கிய சிவப்பு விளக்கு கொடுப்பதும் உண்டு. விளக்கு முன் உட்காரும் பழக்கமே பாதி வேலை செய்திருக்கலாம் அல்லவா?

இருதுருவ மனநோய் உள்ளவருக்கு ஒளி மிகையான உற்சாகத்தைக் கிளப்பிவிடக்கூடும். விழித்திரை நோய் இருந்தாலும், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போல, ஒளியால் எளிதில் பாதிப்பு வரச் செய்யும் மருந்து எடுத்தாலும் முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். மெதடோன் எடுப்பவர் பகலில் தூங்கி வழிந்தால், இரவில் மூச்சு விட்டுவிட்டு வருகிறதா என்று சோதிப்பதுதான் முதல் வேலை. அதற்கு எந்தப் பலகையும் உதவாது.

வீட்டு வாசலில் வெயில் அடிக்கும் ஊர்க்காரர் காசைச் சேமிக்கலாம். மேகமூட்டமான காலையில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அறை விளக்கில் 500-ஐத் தாண்டுவதே அரிது.