42,000 ரூபாய் கொடுத்து நான் குறைத்தது வெறும் தண்ணீர்: எடைக் குறைப்பு மையத்துக்குப் போகும் முன் படியுங்கள்

நேற்று மாலை "இனிமே இதைப் பேச இங்க வராதீங்க மேடம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடப்போவதில்லை, வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே மிரட்டியாகிவிட்டது. மதுரையில் கீழே ஜவுளிக்கடை, மேலே முதல் மாடியில் கண்ணாடிக் கதவு, வாசலில் 'முன்பு, பின்பு' என்று ஒரே பெண்ணின் இரண்டு படங்கள். எல்லா ஊரிலும் இருக்கிற எடைக் குறைப்பு மையங்களில் இதுவும் ஒன்று. என்னிடம் வாங்கியது 42,000 ரூபாய்.

எனக்கு வயது 46, எடை 78 கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 வந்தது. "மாத்திரை இப்ப வேண்டாம், ஏழெட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க" என்றார் டாக்டர். எப்படிக் குறைப்பது என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த மையத்தின் விளம்பரம் செல்போனில் வந்தது அந்த வாரம்தான்.

அங்கே உட்கார்ந்திருந்த ஆலோசகப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என் ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கி வரி வரியாகப் படித்தாள். டாக்டர்கூட அப்படிப் படிக்கவில்லை. "எங்க அம்மாவுக்கும் சுகர்தான் அக்கா, அவங்களையும் இங்கதான் சேர்த்தேன்" என்றாள். செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு மெஷினில் ஏற்றினாள். கைப்பிடியைப் பிடித்து நின்றதும் ஒரு தாள் வந்தது. அதில் என் 'உடல் வயது' 61 என்று போட்டிருந்தது. சிவப்பு எழுத்தில். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க அக்கா, மூணு மாசத்துல 10 கிலோ, நூறு சதவீதம் கேரண்டி. சாப்பாட்டை விடச் சொல்ல மாட்டோம், நடக்கச் சொல்ல மாட்டோம். உங்களுக்கு முட்டி வலி வேற இருக்கு. நீங்க படுத்திருங்க, மெஷின் பார்த்துக்கும்."

நடக்க முடியாதவளிடம் நடக்கவே வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும்! 65,000 ரூபாய் பேக்கேஜ், இன்றைக்குச் சேர்ந்தால் 42,000. ஜிபேயில் 12,000 போட்டேன். மீதி 30,000 வீட்டுக்காரரின் கிரெடிட் கார்டில் இஎம்ஐ. நிபந்தனைகள் ஒரு டேப்லெட்டில் இருந்தன. அவளே விரலால் சரசரவென்று கீழே தள்ளி, "இங்க மட்டும் கையெழுத்து அக்கா" என்றாள். பில் கேட்டதற்கு, ஹெட் ஆபீஸிலிருந்து மெயிலில் வரும் என்றாள். இன்றுவரை வரவில்லை.

உடம்பைச் சுற்றிச் சூடான போர்வை, இடுப்பில் அதிரும் பெல்ட், இரவில் சோறு இட்லி தோசைக்குப் பதில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாவு. உப்பையும் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். சாப்பாட்டை விடச் சொல்ல மாட்டோம் என்றவர்கள்தான்! ஆனால் முதல் வாரத்திலேயே இரண்டரைக் கிலோ இறங்கியதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். என் நாத்தனாரிடம் பெருமையாகச் சொல்லி, அவரும் சேர இருந்தார். நல்லவேளை.

அதோடு சரி. அப்புறம் முள் நகரவே இல்லை. கேட்டால் எடையைப் பார்க்காதீங்க, இன்ச் லாஸைப் பாருங்க என்று டேப்பை எடுப்பார்கள். போர்வைக்கு முன்னால் அளக்கும்போது டேப் தொப்புளுக்கு மேல் தளர்வாக இருக்கும். பின்னால் அளக்கும்போது இரண்டு விரற்கடை மேலே ஏறி, சதை பிதுங்க இறுக்கியிருக்கும். பேனாவால் ஒரு கோடு போட்டு அங்கேயே அளக்கச் சொன்னேன். அளந்த பெண்ணுக்கு முகம் மாறிவிட்டது.

அதற்கப்புறம் பேச்சே வேறு. "வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா மேடம்?" "வாக்கிங் போறீங்களா மேடம்? போகலைன்னா எப்படிக் குறையும்?" பணம் கட்டும் வரை சாப்பாடும் காரணமில்லை, நடையும் தேவையில்லை. 42,000 கைமாறிய பிறகு இரண்டுமே என் தலையில். கடைசியில், என் உடம்பு 'ரெஸ்பான்ஸ்' பண்ணவில்லையாம், இன்னொரு 18,000 கட்டி மேல் பேக்கேஜுக்கு மாற வேண்டுமாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஏரியா மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். ஏரியா மேனேஜர் சென்னைக்குப் போயிருக்கிறார். ஏரியா மேனேஜர் மாறிவிட்டார், நான் புதுசு, எனக்கு எதுவும் தெரியாது. என்னைச் சேர்த்த பெண் வேறு கிளைக்குப் போய்விட்டாளாம், போனை எடுப்பதில்லை. ஹெட் ஆபீஸ் எண்ணை அழைத்தால் பாட்டு. 10 கிலோ கேரண்டி எங்கே என்று கேட்டதற்கு, அந்த டேப்லெட்டைக் காட்டி, 'பலன் ஆளுக்கு ஆள் மாறும்' என்ற ஒரு வரியைப் படித்தார்கள்.

அரசு மருத்துவமனையில் உணவு ஆலோசனைப் பிரிவு இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் போனேன். அங்கே பத்துப் பைசா வாங்காமல் விளக்கினார்கள். சோறு, இட்லியிலிருந்து கிடைக்கும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜனாக ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கும். ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் அந்தக் கிளைகோஜன் கரைந்து தண்ணீரும் வெளியேறும். உப்பைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம். போர்வை வியர்வை வேறு. முதல் வாரத்து இரண்டரைக் கிலோவில் பெரும்பகுதி இதுதான், பழையபடி சாப்பிட்டதும் திரும்பிவிடும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி, ஒரு வாரத்தில் அவ்வளவு எப்படிக் கரையும்? பெல்ட் அதிர்ந்தால் இடுப்புக் கொழுப்பு மட்டும் உருகும் என்பதெல்லாம் சும்மா. உடல் வயது சொன்ன அந்த மெஷின்கூட உடம்புக்குள் லேசான மின்சாரத்தை விட்டுக் கணக்குப் போடுவதுதானாம். தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஓர் எண், குடிக்காமல் ஏறினால் வேறு எண். என் 61 வயது அப்படிப் பிறந்ததுதான்.

என் எடையில் அரை மணி நேரம் சாதாரணமாக நடந்தால் 120, 130 கலோரி போகும். ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் போதும், அது திரும்பிவிடும். அதனால் முள்ளைக் கீழே இறக்குவது பெரும்பாலும் தட்டுதான். இரவில் நாலு தோசையை இரண்டாக்கிப் பக்கத்தில் சுண்டலோ முட்டையோ, மதியம் சோறு ஒரு கரண்டி குறைத்துக் கூட்டு இரண்டு கரண்டி. அப்படியானால் நடை எதற்கு என்று கேட்டேன். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், இறங்கிய எடையும் ஏறப் பார்க்கும், அதைப் பிடித்து வைக்க நடையும் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்றார்கள். எடை குறையாவிட்டாலும் நடை சர்க்கரைக்கு நல்லது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். முட்டி வலிக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைக் காட்டிக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் 42,000 எதற்கு?

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. 'இன்றைக்கு மட்டும் ஆஃபர்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கிலோ கணக்கில் கேரண்டி கொடுத்தால் தாளில் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். மாவு டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். என் டப்பாவில் வெறும் ஸ்டிக்கர். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரவுச் சாப்பாட்டை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.

1915-இல் இன்று காலை பதிந்துவிட்டேன். இஎம்ஐ இன்னும் ஓடுகிறது, மாதம் 5,000 ரூபாய்க்கு மேல். இப்படி ஒரு மையத்திடமிருந்து யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால், என்னென்ன தாள் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். என்னிடம் இருப்பது ஜிபே ரசீது, கார்டு ஸ்டேட்மென்ட், அப்புறம் அந்த 61 வயதுத் தாள்.