விறகுக் கணப்பு அடுப்பு: எந்த வகை யாருக்குச் சரிப்படும்?

குளிர்காலத்துக்கு விறகு அடுப்பு வாங்கக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது, "எது அதிகச் சூடு தரும்?" என்றுதான். சூடு ஒரு பிரச்சினையே இல்லை. கடையில் நிற்கும் அடுப்புகளில் பாதி, வீட்டுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே சூடு தரும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பகலில் வீட்டில் ஆள் உண்டா? ராத்திரி எழுந்து கட்டை போடுவீர்களா? குளிர் நாளில் மின்சாரம் போகுமா? விறகை ஒரு வருடம் முன்பே வாங்கி அடுக்கி வைக்க இடம் இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

திறந்த கணப்பை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். சுவரில் குடைந்த கணப்பில் கட்டை எரிவது பார்க்க அழகுதான். ஆனால் பழைய திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறையில் தங்கினாலே பெரிது. மிச்சம் புகைபோக்கி வழியே போகும். போகிறபோது அறையில் இருக்கும் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களிலேயே இதற்கு மாற்றாக ஓர் இரும்பு அடுப்பு செய்து பார்த்தார். புகை சரியாக வெளியேறாததால் அவருடைய முதல் வடிவம் எடுபடவில்லை. இன்றைய நிலவரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியைப் பார்த்தால் போதும். 2022 முதல் அங்கே விற்கும் கணப்புகளுக்குக் குறைந்தபட்சப் பருவத் திறன், அதாவது குளிர்காலம் முழுக்க விறகின் சூட்டில் அறைக்குக் கிடைக்க வேண்டிய பங்கு, இவ்வளவு: திறந்ததற்கு 30 சதவீதம், கதவுள்ள விறகு அடுப்புக்கு 65, பெல்லட் (மரத்தூள் குச்சி) அடுப்புக்கு 79. சட்டம் போட்டவர்களே திறந்ததிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், அந்தக் குழிக்குள்ளேயே பொருத்தும் கதவுள்ள அடுப்பு கிடைக்கிறது. ஆனால் அந்த அடுப்பிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை தனியாக ஒரு எஃகுக் குழாய் இறக்க வேண்டும். அதை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கட்டையா, பெல்லட்டா?

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த 6 அல்லது 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னக் குச்சி. ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழ். மேலே உள்ள தொட்டியில் கொட்டிவிட்டால் ஒரு திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் தள்ளும், விசிறி காற்று கொடுக்கும், தெர்மோஸ்டாட் அளவு பார்த்துக்கொள்ளும். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவருக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. புகையும் குறைவு.

இதன் பலவீனம் மின்சாரம். கரண்ட் போனால் திருகும் நிற்கும், விசிறியும் நிற்கும். பனிப்புயலில் கம்பி அறுந்து விழும் ஊர்களில், சூடு அவசியமாகத் தேவைப்படும் ராத்திரியில் அடுப்பு சும்மா நிற்கும். பேட்டரி வைத்துச் சில மணி நேரம் ஓட்டலாம், அவ்வளவுதான். அப்புறம் சத்தம்: விசிறியின் இரைச்சலும் பெல்லட் விழும் கடகடப்பும் சிலருக்குப் பழகிவிடும், சிலருக்குக் கடைசிவரை பழகாது. மூட்டையில் தண்ணீர் பட்டால் பெல்லட் உப்பி, மறுபடி மரத்தூளாகிவிடும். எரிகிண்ணத்தையும் அடிக்கடி சுரண்ட வேண்டும். பெல்லட் அடுப்பு ஓர் இயந்திரம். இயந்திரத்துக்கு மெக்கானிக் வேண்டும். கட்டை அடுப்பில் கெட்டுப்போக அத்தனை பாகம் இல்லை.

வினையூக்கி உள்ளதா, இல்லாததா?

நிஜமான போட்டி இந்த இரண்டுக்கும்தான். கடைக்காரர்கள் மேம்போக்காகச் சொல்லிவிட்டுப் போவதும் இதைத்தான்.

காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு, சூடேறும்போது வாயுவாகப் பிரிந்து வெளிவரும். அந்த வாயு எரிந்தால் சூடு. எரியாமல் தப்பினால் புகை. புகைபோக்கியில் கருப்பாக ஒட்டுவதும் பக்கத்து வீட்டுக்காரரை இரும வைப்பதும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடுதான். அந்தப் புகை தானாகப் பற்றி எரிய ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

வினையூக்கி இல்லாத அடுப்பு அந்த 600 டிகிரியை நெருப்பைக் கொண்டே எட்டுகிறது. உள்ளே மேல்புறம் ஒரு தடுப்புப் பலகை, அதன் கீழே வரிசையாகத் துளையிட்ட குழாய்கள். சூடான காற்று அந்தத் துளைகள் வழியே வந்து புகையோடு கலக்கும். நன்றாக எரியும்போது கண்ணாடி வழியாகப் பாருங்கள்: கட்டைக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி, மேலே குழாய்த் துளைகளிலிருந்து நீளமாகத் தீ நாக்குகள் தொங்கும். எரிவது புகை. அந்தக் காட்சி தெரிந்தால் அடுப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் காற்றை அடைத்துத் தீயைச் சாகவிட்டால் உள்ளே வெப்பம் இறங்கும், தீ நாக்கு மறையும், வெறும் புகை கிளம்பும். இந்த வகைக்கு மெதுவாக எரியத் தெரியாது.

வினையூக்கி அடுப்பில் தேன்கூடு போன்ற பீங்கான் அல்லது எஃகுத் துண்டு ஒன்று இருக்கும். அதன் மேல் பல்லேடியம், பிளாட்டினம் பூச்சு. இதன் வழியே போகும் புகை 260 டிகிரி வாக்கிலேயே எரியத் தொடங்கிவிடும். அதனால் தீயை அடக்கி வைத்தாலும் புகை குறைவு. ஒருமுறை கட்டை நிரப்பினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் சீரான சூடு கொடுக்கும் மாடல்கள் உண்டு. ராத்திரி முழுக்கத் தூங்க நினைக்கிறவருக்கு இது பெரிய விஷயம்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை, கவனம். பற்றவைக்கும்போதும் கட்டை சேர்க்கும்போதும் புகையைத் தேன்கூட்டுக்குள் விடாமல் நேரே புகைபோக்கிக்கு அனுப்பும் மாற்றுவழித் தகட்டைத் திறக்க வேண்டும். வெப்பமானியில் முள் ஏறிய பிறகு மூட வேண்டும். மூட மறந்தால் புகை எரியாமலே போகும், சீக்கிரம் மூடினால் தேன்கூடு அடைத்துக்கொள்ளும். பெயின்ட் அடித்த பலகை, வழுவழு வண்ணக் காகிதம், பிளாஸ்டிக் எதையாவது போட்டால் பூச்சு செத்துவிடும். ஒழுங்காக வைத்திருந்தாலும் சில வருடங்களில் தேய்ந்து, மாற்றியாக வேண்டும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988இல் கொண்டுவந்த விதியிலேயே இந்தத் தேய்மானம் தெரிகிறது. வினையூக்கி இல்லாததற்கு மணிக்கு 7.5 கிராம் புகைத்துகள் வரை அனுமதித்தார்கள், உள்ளதற்கு 4.1 கிராம்தான். நாளாக நாளாக வினையூக்கி தேயும் என்று தெரிந்தே கடுமையாக வைத்த அளவு அது. 2020 முதல் இரண்டுக்கும் ஒரே வரம்பு: வழக்கமான சோதனையில் மணிக்கு 2 கிராம், நிஜ விறகை வைத்துச் சோதித்தால் 2.5 கிராம். சாதாரண அடுப்பு அந்த அளவுக்கு முன்னேறிவிட்டது.

என்னைக் கேட்டால், வீட்டில் அடுப்பைத் தொடப்போவது ஒருவர் மட்டும், அவருக்கும் பொறுமை உண்டு என்றால் வினையூக்கி. வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு கட்டை போடுவார்கள் என்றால் வேண்டவே வேண்டாம்.

இரும்பா, கல்லா?

"வார்ப்பிரும்புதான் சூட்டைப் பிடித்து வைக்கும்" என்பார்கள். வார்ப்பிரும்பும் எஃகும் கிலோவுக்குக் கிலோ ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைத்தான் தேக்கும். கனமான அடுப்பு அதிகம் தேக்கும், அவ்வளவே. வித்தியாசம் கட்டுமானத்தில். வார்ப்பிரும்பு அடுப்பு பல தகடுகளை முடுக்கிச் சேர்த்தது. வருடங்கள் போனால் இணைப்புகளில் பூச்சு உதிர்ந்து காற்று கசியும், பிரித்துப் பூச வேண்டும். எஃகு அடுப்பு தகடுகளை வெல்டிங் செய்து ஒட்டியது. கசியாது, ஆனால் கண்டபடி சூடேற்றினால் தகடு நெளியும். இரண்டில் எதை வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை.

மாக்கல் வேறு சங்கதி. கல்சட்டி குடைகிற அதே கல். இரும்பைப்போல் கிலோவுக்கு இரண்டு மடங்கு வெப்பம் தேக்கும். சூடேற ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும், தீ அணைந்த பிறகும் மணிக்கணக்கில் இதமாக இருக்கும். மாலையில் வீடு திரும்பியதும் கை காய வேண்டும் என்பவருக்கு எரிச்சல் வரும்.

இதன் உச்சம், செங்கல்லும் கல்லும் வைத்து வீட்டோடு சேர்த்தே கட்டும் பெரிய கணப்பு. பின்லாந்து, ரஷ்யா, ஆஸ்திரியா பக்கம் காலங்காலமாக உள்ளது. எடை டன் கணக்கில். நாளுக்கு ஒன்றோ இரண்டோ முறை, காற்றை முழுக்கத் திறந்து ஆவேசமாக எரித்துவிட்டால் போதும். தீ சுத்தமாக எரியும், உள்ளே வளைந்து வளைந்து போகும் புகைப்பாதை சூட்டை உறிஞ்சும், பன்னிரண்டிலிருந்து இருபத்துநான்கு மணி நேரம் வரை மெல்ல வெளியே விடும். சுத்தம், சிக்கனம், பாதுகாப்பு எதில் பார்த்தாலும் இதற்கு நிகர் இல்லை. ஆனால் அஸ்திவாரம் போட்டுக் கட்ட வேண்டும், தேர்ந்த கொத்தனார் வேண்டும். காலையில் எரித்துவிட்டு மதியம் வெயில் அடித்தால் ஜன்னலைத் திறப்பதைத் தவிர வழியில்லை. புது வீடு கட்டுகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

எந்த அளவு?

சின்னதாக வாங்குங்கள். பெரிய அடுப்பு வாங்கியவர், அறை கொதிக்கிறதே என்று காற்றை அடைப்பார். அடைத்தால் புகை, கரி, கருத்த கண்ணாடி. சின்ன அடுப்பு முழு வேகத்தில் எரிந்தால் புகைபோக்கி சுத்தமாக இருக்கும். வருடத்தில் வெகு சில கடுங்குளிர் நாட்களுக்காக மிச்ச நாட்களைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுப்பைவிட விறகு முக்கியம்

நல்ல அடுப்பில் ஈர விறகு போடுவதைவிட, சுமார் அடுப்பில் காய்ந்த விறகு போடுவது மேல். முழுக்க உலர்ந்த மரத்தில் கிலோவுக்கு 5 கிலோவாட் மணி வெப்பம் உண்டு. 20 சதவீத ஈரத்தில் அது 4. பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீர். அதில் தேறுவது 2 சொச்சம்தான்: எரிவதற்கு இருப்பதே பாதி மரம், அதன் சூட்டிலும் கொஞ்சம் தண்ணீரை ஆவியாக்கவே போகும். இங்கிலாந்தில் 2021 மே முதல் சில்லறையாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

ஈரப்பத மீட்டர் விலை அதிகமில்லை. கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். வெளியே எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கட்டையை அங்கேயே பிளந்து, புதிதாகத் தெரியும் முகத்தின் நடுவில் ஊசியை அழுத்துங்கள். பிளந்து அடுக்கினால் பல மரங்களுக்கு ஒரு கோடைக்காலம் போதும், ஓக் மரத்துக்கு இரண்டு வருடமாவது வேண்டும். பைன் விறகு புகைபோக்கியை அடைக்கும் என்று பயமுறுத்துவார்கள். காய்ந்த பைன் அப்படியெல்லாம் செய்யாது. எடைக்கு எடை கெட்டி மரத்துக்குச் சமமாகவே சூடு தரும். அடைப்பது ஈரம்தான்.

பற்றவைக்கும்போது பெரிய கட்டைகளை அடியிலும், மெல்லிய சிராய்களையும் சுள்ளியையும் மேலேயும் வைத்து, மேலிருந்து தீ வையுங்கள். தீ கீழே இறங்க இறங்க, கட்டையிலிருந்து வரும் புகை மேலே உள்ள தீயைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் எரிந்துவிடும். அப்புறம் கட்டை சேர்க்கும்போது தணல் முழுக்க அவிவதற்கு முன்பே சேர்த்து, கட்டையின் ஓரமெல்லாம் கருகிப் பிடிக்கும்வரை காற்றைத் திறந்தே வைத்து, பிறகு படிப்படியாகக் குறையுங்கள். கண்ணாடி கருத்தால் ஒன்று விறகு ஈரம், இல்லை காற்று போதவில்லை.

புகைபோக்கி முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே நேராக மேலே போகட்டும். வெளிச்சுவரில் ஏறும் குழாய் குளிர்ந்து கிடக்கும், இழுக்காது. குளிர்ந்த குழாயில் படியும் தார் போன்ற பிசுக்கான கிரியோசோட் தீப்பிடித்தால் 1000 டிகிரியைத் தாண்டும். வருடம் ஒருமுறையாவது ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். சமையலறை விசிறியை ஓட்டினால் புகை அறைக்குள் திரும்புகிறதா? வீட்டில் காற்று நுழைய வழியில்லை என்று பொருள்; அடுப்புக்கு வெளியிலிருந்து தனிக் காற்றுக் குழாய் கொடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் எந்த வகை அடுப்புக்கும் கட்டாயம். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு சில நாட்கள்கூட உயிரோடு கிடக்கும்.

பழைய அடுப்பு மலிவாகக் கிடைக்கிறது என்றால் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே தடுப்புப் பலகை நெளிந்திருக்கிறதா, மூலைகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் கதவைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கயிறு போய்விட்டது, அது சின்னச் செலவுதான். பின்பக்கத்தில் தயாரிப்பாளர் பெயரும் புகை அளவும் சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளியும் பொறித்த தகடு இல்லையென்றால் மட்டும், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்று தெரியாமல் அதைப் பொருத்த முடியாது, காப்பீட்டு நிறுவனமும் ஒப்புக்கொள்வது சந்தேகம்.